கழற்ற முடியாத வளையம்

டோங்காங்
செவ்வாய் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வான்-சென் எழுதுகிறேன். கடலில் உங்களுக்குக் காய்ச்சல் தலைவலி இல்லாமல், சூரை மீனும் நிறையக் கிடைக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றிக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மழை நின்றுவிட்டது. மாடித் தகரத்தை மாற்றியாகிவிட்டது. கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினேன்.

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் அத்தை தூங்குகிறார். ஒன்பது நாளாக நம் வீட்டில்தான் இருக்கிறார். அவரும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, டீவி மேல் வைத்திருக்கிறார். வியாழக்கிழமை கம்பெனி ஆபீசிலிருந்து, உங்கள் கப்பல் வந்து நிற்கும் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்குத் தபால் பை போகிறது. இரண்டு கடிதமும் ஒரே பையில்தான் உங்களிடம் வரும். அப்பா, தயவுசெய்து என்னுடையதை முதலில் படியுங்கள். அத்தையுடையதை முதலில் பிரித்துவிட்டீர்கள் என்றால், அதில் இருப்பதை நம்புவதற்கு முன்னால் இதைப் படித்து முடியுங்கள்.

நம் கிளிகள் இறந்துவிட்டன. கீழ் அறையில் இருந்த முப்பத்தாறும். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, மத்தியானம்.

துயெத் சித்திதான் கொன்றார், இரண்டாம் தாரமாக வந்தவர், அம்மா வளர்த்த கிளிகள் என்று பொறாமைப்பட்டு வேண்டுமென்றே செய்தார் என்று அத்தை எழுதியிருக்கிறார். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினார், அதனால் தெரியும். அவரை வியட்நாமுக்கே திருப்பி அனுப்பிவிடு என்பதுதான் கடைசி வரி.

அது பொய். நான்தான் கொன்றேன்.

அன்று சித்தி இறால் உரிக்கிற வேலைக்குப் போயிருந்தார். எனக்குப் பசித்தது. முட்டை பொரிக்கலாம் என்று, நீங்கள் டர்பன் துறைமுகத்தில் வாங்கி வந்தீர்களே, முட்டை ஒட்டாத கறுப்புச் சட்டி, அதை அடுப்பில் வைத்தேன். அப்போது வாசலில் ஷூ-ஃபென் மணி அடித்தாள். புது சைக்கிள். ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்று ஏறினேன். ஒரு சுற்று நாலு சுற்றாகி, மீன் மார்க்கெட் வரைக்கும் போய்விட்டோம். அடுப்பு நினைவே வரவில்லை, அப்பா. சத்தியமாக வரவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டில் பெரிதாகப் புகைகூட இல்லை. ஒரு மாதிரி காய்ந்த வாடை, அவ்வளவுதான். சட்டிக்குள் ஒன்றுமே இல்லை, அது மட்டும் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்த பிறகுதான் கிளிகளின் சத்தம் இல்லை என்று உறைத்தது. அந்த அறை எந்த நேரமும் எப்படி இரையும் என்று உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்தால் எல்லாம் தரையில் கிடந்தன. நீலம், மஞ்சள், வெள்ளை, பச்சை. டெலிபோன் மாதிரியே கத்தி அத்தையை மாடியிலிருந்து "அலோ, அலோ" என்று ஓடி வர வைக்குமே அந்த மஞ்சள் ஆண், அது தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி கிடந்தது. முட்டைப் பெட்டிகளில் இருந்த பெட்டைகள் மட்டும் கீழே விழவில்லை. முட்டை மேலேயே இறக்கையை விரித்துக்கொண்டு இறந்திருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலைத் திறந்தேன். சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். சித்தி வந்ததும், நான் வரும்போதே இப்படிக் கிடந்தன என்று சொன்னேன்.

சித்தி அழவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் சுட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நேராகப் பெட்டிகளிடம் போய், இறந்த பெட்டைகளுக்கு அடியில் கை விட்டு முட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றாக டார்ச்சில் காட்டிப் பார்த்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிற ஐந்தைத் தேர்ந்தெடுத்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். மாடியில் தனிக் கூண்டில் அம்மாவின் நொண்டிப் பச்சை இருக்கிறதே, எல்லாக் கிளியோடும் சண்டை போடுகிறது என்று நீங்கள் பிரித்து வைத்தது. ஆண் இல்லாமலே முட்டையிட்டு, அந்தக் கூமுட்டையின் மேல் விடாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கடியில் இருந்த கூமுட்டைகளை எடுத்துவிட்டு இந்த ஐந்தையும் வைத்தார். அது சித்தியின் விரலை ரத்தம் வரக் கொத்தியது. கையை அவர் இழுக்கவே இல்லை.

மறுநாள் அத்தை லின்பியனிலிருந்து வந்துவிட்டார். குஞ்சு வாங்க வருகிற காவ் மாமாவும் வந்தார். அவர் அறைக்குள் போகக்கூட இல்லை, சமையலறை வாசலில் நின்று மோந்து பார்த்தார். "அக்கா, இது சீக்கு இல்ல. இந்த ஒட்டாத சட்டிய வெறுஞ்சட்டியா அடுப்புல காய விட்டா ஒரு ஆவி வரும். நமக்கு ஒண்ணும் பண்ணாது, கிளி மட்டும் தாங்காது. யாரு வீட்ல அடுப்பு பத்த வச்சது?" என்று கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி, "நாந்தான். முட்டை பொரிக்க வச்சேன். மறந்துட்டு வேலைக்குப் போயிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். அத்தை பிடித்துக்கொண்டார். "மறந்துட்டாளாம்! போய்ச் சேந்த மகராசி பத்து வருசம் பொத்திப் பொத்தி வளத்த கிளிய ஒரே நாள்ல முடிச்சுட்டு, மறந்துட்டாளாம். ஏன்டி, உன் ஊர்ல சோறு அடுப்புல வைப்பாங்களா, ஆத்துல வைப்பாங்களா?" காவ் மாமாதான் நடுவில் புகுந்து, "விடுங்கக்கா, போன வருசம் எங்க மச்சான் வீட்டுலயும் இதேதான். அவன் கிளி யாவாரியே. சட்டி என்ன ஆளப் பாத்தா ஆவி விடுது?" என்றார். அத்தை அவரையும் விடவில்லை. "நீ குஞ்சு வாங்க வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?" என்று கேட்டதும் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தை சித்தியோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதில்லை. சித்தி சமைத்ததைத் தொடுவதில்லை, எனக்குத் தனியாக நூடுல்ஸ் போடுகிறார். நான் அதைச் சாப்பிடுகிறேன், அப்பா. இரண்டு தடவை உண்மையைச் சொல்ல அத்தையிடம் போனேன். ஒரு தடவை, "என் தங்கமே, உனக்கு யாரும் இல்லாம போச்சே" என்று கட்டிக்கொண்டார். இன்னொரு தடவை பூஜை அலமாரியில் அம்மாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.

சித்தியிடம், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். இறால் வாடை அடிக்கிற கையால் என் தலையைத் தள்ளிவிட்டு, "உன்னை அடிச்சா எனக்குத் தூக்கம் வராது. என்னைத் திட்டினா வந்துடும். போ, போய்ப் படி" என்றார். ஆனால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை. மாடியில் கூண்டுக்குப் பக்கத்தில் நடக்கிற சத்தம் இப்போதுகூடக் கேட்கிறது. அவர் ஊரிலிருந்து கொண்டு வந்த பை கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. அதில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

சட்டியை நீங்கள் ஆசையாகத்தான் வாங்கி வந்தீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. அதை நினைத்துக் கடலில் வருத்தப்படாதீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. ஐந்தில் இரண்டு முட்டை போன புதன்கிழமை பொரிந்துவிட்டது. நொண்டிப் பச்சை தன் குஞ்சு என்றே நினைத்து ஊட்டுகிறது. நாளை ஏழாவது நாள், எண் பொறித்த கால் வளையம் போட வேண்டும். இன்னும் மூன்று நாள் விட்டால் பாதம் பெருத்துவிடும், அப்புறம் வளையம் ஏறாது.

போன வருடம் சித்தி அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து வளையங்களைப் பார்த்தபோது நான் பிடுங்கிக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. "இது எங்க அம்மாவோடது, நீங்க தொடாதீங்க" என்றேன். அவர் டப்பாவின் மூடியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு கூண்டு கழுவினார், தினை வைத்தார், குஞ்சுக்கு ஊட்டினார். டப்பா இருந்த அலமாரிப் பக்கம் மட்டும் போனதே இல்லை.

இனி வளையம் யார் போடுவது என்று உங்களைக் கேட்டு எழுத நினைத்தேன். உங்கள் பதில் வர இரண்டு மாதம் ஆகும். குஞ்சின் கால் அதுவரை காத்திருக்காது. அதனால் நாளை காலை டப்பாவை நானே சித்தியின் கையில் கொடுக்கப் போகிறேன். அத்தைக்கு முன்னால்தான் கொடுப்பேன். ஏன் கொடுக்கிறேன் என்று அத்தை கேட்பார். அப்போது சொல்லிவிடுவேன். குஞ்சின் மூன்று விரலைச் சேர்த்து வளையத்துக்குள் நுழைத்து, பின்னால் மடங்கியிருக்கும் குட்டி விரலைப் பல்குச்சியால் மெதுவாக வெளியே இழுக்க வேண்டும் என்று அம்மா எனக்குக் காட்டித் தந்ததைச் சித்திக்கு நான் காட்டித் தருவேன். அம்மாவின் நோட்டில் வளைய எண்ணுக்குப் பக்கத்தில் சித்தியின் பெயரை எழுதுவேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தக் குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்திருக்கும். காலில் வளையம் இருக்கும். நேரத்தில் போட்டுவிட்டால் பிறகு கழற்ற வராது, வெட்டினால்தான் உண்டு என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பா, வெட்டச் சொல்லி எழுதிவிடாதீர்கள்.

அடி எனக்குத்தான். நீங்கள் வரும் வரை காத்திருக்கிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றில் நிற்கும்போது சித்தி பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
வான்-சென்