ராத்தாவின் கணினியை மாற்றிய கிழமை

ஒக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில். பின்னேரம் இடி மட்டும், மழை இல்லை. வயலுக்குப் போன மச்சான் வானத்தைத் திட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் முடித்து இத்தனை வருசமாகியும் என் கணவர் எனக்கு மச்சான்தான். விதைப்புக்கு இன்னும் ஒரு மழை வேண்டுமாம்.

பக்கத்து வளவிலிருந்து என் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தா, மதிலுக்கு மேலால் மடிக்கணினியை நீட்டினார். பதினொரு வயதுக் கிழடு. பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளுக்காக ராத்தா படமும் எழுத்துமாகச் செய்த செயலட்டைகள் முழுக்க அதற்குள்தான். ஒன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையும் கழுவி வைத்த பிறகுதான் எழும்பும்.

"இதுக்கு என்னவாச்சும் செய் புள்ள. வெள்ளிக்கிழம ஸ்கூல்ல மத்த டீச்சர்மாருக்கு நான் செயலட்டை காட்டோணும். போன முறை இது எழும்பும் வரைக்கும் புதுசா வந்த டீச்சர் புள்ளைகள் என்னையே பாத்துக்கிட்டு இருந்திச்சிகள். இந்த முறையும் அப்படியெண்டா பென்ஷனப் போட்டுட்டு ஊட்ட இருக்கப் போறன்."

"பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கே" என்றேன். ராத்தா சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார்.

டியூஷனில் பிள்ளைகளுக்கு ஐசிடி, அதாவது கணினிப் பாடம், படிப்பிக்கிறவள் நான், ராத்தாவின் மெஷினுக்குப் பின்வாங்கலாமா? முடிவு: பழைய விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போடுவது. செய்ய வேண்டியவை:
– எல்லா ஃபைலும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி
– தமிழ் கீபோட்
– டெஸ்க்டொப், அதாவது லினக்ஸின் திரை அமைப்பு, எது? க்னோம் / பிளாஸ்மா / எக்ஸ்எஃப்சிஈ
– ராத்தாவிடம் "சின்ன வேலைதான்" என்று சொல்லாமல் இருத்தல்

ஒக்டோபர் 14, செவ்வாய்

டியூஷன் இல்லை. கொப்பி முடிந்தது, பழையதை அழித்தேன். அழிக்க முதல் கொப்பியை மூன்று தரம் சரிபார்த்தேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

க்னோம்: அழகு. எனக்குப் பிடித்தது. ஆனால் திரையில் ஒரு ஐகனும் இல்லை. ராத்தா வந்து பார்த்து, "என்ட சாமானெல்லாம் எங்க? குடி எழும்பின ஊடு மாதிரிக் கிடக்கு." மெஷினுக்கும் மூச்சு வாங்கியது. வேண்டாம்.

பிளாஸ்மா: எதையும் மாற்றலாம். ஒரு மணித்தியாலம் நிறத்தையே மாற்றிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. நான் போட்ட பதிப்பில் ஒரு கிளிக்கிலேயே ஃபைல் திறக்கிறது. ராத்தாவுக்கு டபுள் கிளிக்தான் பழக்கம். பூனைச் செயலட்டை இரண்டு தரம் திறந்தது. "ஒரு பூனையே போதும் புள்ள" என்றார். கிளிக்கை மாற்றலாம், மெஷினுக்கு இது தரும் பாரத்தை மாற்ற முடியாது.

எக்ஸ்எஃப்சிஈ: உடுப்பில் கவர்ச்சி இல்லை, வேலையில் கெட்டி. ஐகன் உண்டு. ராத்தா கேத்தலை அடுப்பில் வைக்கப் போய்த் திரும்புவதற்குள் எழும்பிவிட்டது.

"எழும்பிட்டா?"
"எழும்பிட்டு."
"பொய்."

திருப்பி அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். மூன்று தரம். மூன்றாம் தரம்தான் நம்பினார். இவ்வளவு சந்தோசம் எனக்கு எப்போது வந்தது என்று ஞாபகமே இல்லை.

ஒக்டோபர் 15, புதன்

புழுக்கம். ஃபைல் மனேஜரில் சரிபார்த்து வைத்தவை: டபுள் கிளிக். ஃபோல்டர்கள் முதலில், ஃபைல்கள் கீழே. எழுத்துப் பெரிது. ஃபைலுக்குள் இருக்கும் படம் வெளியிலேயே சின்னதாகத் தெரிய.

மச்சான் எட்டிப் பார்த்தார். "வரம்பு கட்டுற மாதிரிக் கிடக்கு."
"நீங்க கட்டுற வரம்ப விட நேராத்தான் இருக்கு."
போய்விட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் ராத்தா வந்து அதன் முன்னால் இருந்தார். பத்து நிமிடம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு, "என்ட முக்கியமான ஃபோல்டர் ஒண்டும் இல்லயே. வெள்ளிக்கிழமைக்கு வச்சதும் இல்ல."

பார்த்தேன். இல்லை. வெளி டிஸ்க்கைச் செருகினேன். அதிலும் இல்லை. கழற்றி மறுபடியும் செருகினேன். ராத்தா என்னை ஏசியிருந்தால் நல்லது. "பரவால்ல புள்ள" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ன பேர் வச்சீங்க ராத்தா?"
"முன்னுக்கு ஒரு புள்ளி போட்டுத்தான் வைக்கிற. அப்பதான் மேல வந்து நிக்கும். ஸ்கூல்ல எல்லாருக்கும் நான்தான் பழக்கின."

அல்லாஹ். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் என்றால் ஒளித்து வைத்துவிடும். கொன்ட்ரோலையும் எச் எழுத்தையும் சேர்த்து அமத்தினேன். அத்தனையும் வந்து நின்றன. ராத்தா என் தலையில் குட்டினார், பிறகு குட்டின இடத்திலேயே கொஞ்சினார். நாங்கள் சிரித்த சத்தத்துக்கு மச்சான் ஓடி வந்தார்.

ராத்தா அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு எடுக்கப் போன பிறகு கண்டேன். ஃபோல்டர்களுக்குக் கீழே, ஃபைல்களில் முதலாவது: .ஓய்வு கடிதம். திறந்தேன். கூடாதுதான். அதிபருக்கு, முன்கூட்டியே ஓய்வு கேட்டு. காரணம் "புதிய முறைகளுக்கு என்னால் ஈடுகொடுக்க இயலாமை". திகதி மட்டும் போடவில்லை.

திங்கட்கிழமை சொன்ன பென்ஷன் கதை வெறும் பகிடி இல்லையா? மூடிவிட்டேன். என் மகளுக்கு அகரம் எழுதக் கைபிடித்த மனுசி. இயலாமையாம்.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை. நல்ல மழை. மச்சான் முகத்தில் பெருநாள்.

ஃபோல்டர் பெயர்களில் புள்ளியை எடுத்துவிட்டு 01, 02 என்று போட்டோம். மேலேதான் நிற்கிறது, ராத்தாவுக்குத் திருப்தி. கடிதத்தை நான் தொடவில்லை. புள்ளியோடு ஒளிந்தே இருக்கட்டும்.

ராத்தாவுக்கு ஒத்திகை. நான்தான் புது டீச்சர். வேண்டுமென்றே முட்டாள் கேள்வி கேட்டேன். "புள்ள, நீ கடைசி வாங்குப் பலகையில போய் இரி" என்றார்.

ஒக்டோபர் 17, வெள்ளி

ஜும்மா என்பதால் பள்ளிக்கூடம் நேரத்துக்கு முன்னமே விட்டது. ராத்தா தன் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேரே இங்கு.

"சட்டெண்டு எழும்பிட்டு. நான் முகவுரைக்கு யோசிச்சி வச்சதெல்லாம் வீண்." புது டீச்சர் ஒருத்தி இது என்ன என்று கேட்டாளாம். "எக்ஸ்எஃப்சிஈ எண்டன். அப்படியே எழுதி எடுத்தா. நாலு பேர் தங்கட மெஷினுக்கும் இதப் போட்டுத் தரக் கேட்டாங்க. ஓமெண்டு சொன்னன்."

"ஆரக் கேட்டு?"

ராத்தா பையை அவிழ்த்தார். மடிக்கணினியைத் திறந்து, தானே அந்த இரண்டு பொத்தான்களையும் அமத்தினார். கடிதம் வந்தது. என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

"வாசிச்சிட்டாய்."
"ஓம்."
"ஏன் கதைக்கல்ல?"
"பயம்."

டிலீட்டை அமத்தினார்.

"குப்பைக்குள்ள போனது திரும்பி வருமா?"
"நினைச்சா எடுக்கலாம்."
"அப்ப குப்பையக் காலியாக்கிற இடத்தக் காட்டு."

காட்டினேன். உறுதிதானா என்று மெஷின் கேட்டது. ராத்தா கண்ணாடியைப் போட்டு, அந்த வரியை முழுதாக வாசித்து, ஓம் என்பதில் அமத்தினார்.

"வேற எங்கயும் கிடக்கா?"
"வெளி டிஸ்க்ல ஒண்டு."
"அதையும் கொண்டா."