வடைச்சட்டிக்குள் போன வாக்குகள்

ரீச்சர்,

என் கறுப்புக் கோட்டிலிருந்து கருகிய வடை வாசம் இன்னும் போகவில்லை. நேற்று ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கப் பொதுக்கூட்டம் முடிந்து வந்து, அதை வாசலில் கொழுவினேன். விடியும்போது வீடே வடைக்கடை. மனைவி கோட்டைக் கராஜுக்கு நாடுகடத்திவிட்டாள். நானும் பின்னாலேயே போய், அதன் கைக்குள் மூக்கை விட்டுக்கொண்டு உங்களை நினைத்தேன்.

உங்களை அஜக்ஸிலிருந்து கூட்டங்களுக்கு ஏற்றிப்போகும் சாரதிப் பதவியை நான் அரசவைப் பொறுப்பாகவே வகித்தேன். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் பாடம் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் காலமெல்லாம் சரித்திரம் படிப்பித்த குரல். என் கார்க் கண்ணாடிகள் வெடிக்காதது உலக அதிசயம்.

"இஞ்சை கனடாவிலை, கியூபெக்கிலை பெண்டுகளுக்கு மாகாணத் தேர்தலிலை வாக்குக் கிடைக்க முந்தியே, இலங்கையிலை எங்கட பெண்டுகளுக்குக் கிடைச்சிட்டுது. தெரியுமோ? கூட்டம் போட்டு, எழுதி, வாதாடிக் கேட்டவை. அதுக்குள்ளை எத்தினை ரீச்சர்மார்! ஒன்ராறியோவிலையும் ரீச்சர்மார் சேர்ந்துதான் கேட்டவை."

"ரீச்சர், உங்கட பக்கம் லொறி வருதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"லொறி நிக்கும். நீர் கேளும்."

உங்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. குடும்பத் தலைவர்தான் கை தூக்குவார். கல்யாணம் கட்டாத நீங்கள் அக்கா பெற்ற பெறாமகள் வீட்டில் இருந்ததால், அவளுடைய கணவரின் கைக்குள் உங்கள் கையும் இருப்பதாக ஐதீகம்.

"சரித்திரத்திலை நான் பெயில் போட்ட பொடியன் உவன். உவன்ரை கைக்குள்ளை நான் இருக்கிறனாம்!"

ஆளுக்கொரு வாக்கு வேண்டுமென்று நீங்கள் தொலைபேசியிலேயே ஒரு மகாயுத்தம் நடத்தினீர்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையாரைக் கும்பிட வந்த பெண்கள்கூடத் தப்பவில்லை. செருப்புக் கழற்றும் இடத்திலேயே மறித்துச் சத்தியம் வாங்கினீர்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும், மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் கை தூக்கலாம். பெண்கள்தான் அதிகம். நான் மனதுக்குள் மாலைக்கு ஓடர் கொடுத்துவிட்டேன்.

"ஆதரவானவை கையைத் தூக்குங்கோ" என்றார் தலைவர்.

உங்கள் கை எழுந்தது. என் கை சி.என். கோபுரத்தையே வெட்கப்படுத்தியது. திரும்பிப் பார்த்தால், பின்வரிசைகளில் வெறும் கதிரைகள், அவற்றின் மேல் கைப்பைகள். சத்தியம் செய்த அத்தனை பேரும் சமையலறையில் தேத்தண்ணி நேரத்துக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அதுதானே வழக்கம். எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் இருவரும் அந்தச் சமையலறைக் கதவை மட்டும் யோசிக்கவேயில்லை.

எண்ணி முடிந்து, தோற்றும் முடிந்தபோது உங்கள் பெறாமகள் தட்டத்தோடு வந்தாள். "சின்னம்மா, இன்னும் துவங்கேல்லையோ?"

திரும்பி வரும்போது, முதன்முறையாக 401 அமைதியாக இருந்தது. அஜக்ஸில் இறங்கும்போது மட்டும் சொன்னீர்கள்: "எத்தினை பேர் அலைஞ்சு வாங்கித் தந்த வாக்கு. நாங்கள் வடைச்சட்டிக்குள்ளை போட்டிட்டம்." அடுத்த பொதுக்கூட்டம் வருமுன் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

நேற்று பெறாமகள் அதே தீர்மானத்தை, அதே ஏற்பாட்டோடு மறுபடி கொண்டுவந்தாள். தலைவர் தொண்டையைச் செருமியதுமே நான் சமையலறைக்குள் பாய்ந்து கரண்டியைப் பறித்தேன்.

"அங்கிள், உங்களுக்கு வடை சுடத் தெரியுமோ?"

"மூண்டு கண்டத்திலை சுட்டவன் நான், பிள்ளை. எல்லாரும் வெளிய போங்கோ, கை தூக்குங்கோ!"

என் வடைகள் அவுஸ்திரேலியாவும் ஆபிரிக்காவுமாக எண்ணெயில் மிதந்தன. கதவிடுக்கால் பார்த்தேன். கடலைப்பருப்பு ஒட்டிய கைகள், வளையலோடு, ஒன்றன்பின் ஒன்றாக மேலே போயின. நீங்கள் பெயில் போட்ட பொடியனும் தூக்கினான்; இனியாவது பாஸ் போட்டுவிடுங்கள்.

வென்றுவிட்டோம், ரீச்சர். அந்தக் கைகளுக்குள் என் கை இல்லை. அது கரண்டியோடு இருந்தது. உங்களுடையதும் இல்லை. முன்வரிசையில் நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரையில் யாரோ கைப்பை வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு சட்டி வடை கருகிவிட்டது.

கோட்டைக் கழுவக் கொடுக்கச் சொல்கிறாள் மனைவி. கொடுக்கமாட்டேன். அடுத்த கூட்டத்திலும் அதைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குத்தான் போவேன்.