நம் தெருவும் எங்கள் தெருவும்

அம்மாபேட்டை, சேலம்
யுவ வருஷம் தை மாதம் 22

சிரஞ்சீவி வீரபாகுவுக்கு அம்மா முத்தாயம்மாள் உன் ஆயுசுக்கும் ஆரோக்கியத்துக்கும் மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதச் சொல்வது. இவ்விடம் நானும் உன் அப்பாவும் உன் தங்கை சாலம்மாளும் உடம்புக்குச் சுகம், மனசுக்குச் சுகமில்லை. சோலாப்பூரில் பனி குறைந்ததா, மில்லில் பஞ்சுத் தூசி ஏறாமல் மூக்குக்குத் துணி கட்டிக்கொள்கிறாயா, இருமல் நின்றதா என்று மூன்றுக்கும் பதில் போடு. செவலைப் பசு கன்று போட்டது, காளைக்கன்று. இனி வருகிற சங்கதியை நான் சொல்ல மாட்டேன் சாமி. யார் கையால் வந்ததோ அந்தக் கையே எழுதட்டும் என்று உன் தங்கையிடம் விட்டிருக்கிறேன்.

அண்ணா, இது முதல் சாலம்மாள். அம்மா பக்கத்திலேயே தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்ட வேண்டும், ஆகையால் கூட்டிக் குறைத்து எழுதுகிற என் வழக்கமான வேலை எதுவும் இந்தக் கடிதத்தில் செல்லாது. ஐப்பசியில் அப்பா கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றபோது நீ லீவில் வந்து கீழத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாயே, அப்போது கையில் வைத்திருந்த நோட்டீஸ் நான் எழுதியதுதானே. அப்பா பெயரை வைத்துத் தண்டாயுதபாணி அல்ல, தண்ணியாயுதபாணி, பொங்கல் பானைக்கு நம் தெருக் குழாய்த் தண்ணீர், ஓட்டு வீடும் கூரை வீடும் ஓட்டுப் போடும் பெட்டி மஞ்சள் பெட்டி என்று. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு அந்தத் தெருப் பொன்னன் வீட்டுத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு, அவர் மனைவி பெருமாயி கொடுத்த கம்பங்கூழைக் குடித்துக்கொண்டு, பொங்கலுக்குள் உங்கள் புளியமரத்தடியில் குழாய் வந்துவிடும், எங்கப்பா சொன்னால் செய்வார் என்று சொன்னதும் நீதான். கீழத் தெருவின் பதினெட்டு ஓட்டும் மஞ்சள் பெட்டியில்தான் விழுந்ததாக ஊரே சொல்கிறது. அப்பா ஜெயித்தது பதினோரு ஓட்டில்.

ஜெயித்த வாரமே அப்பா முனிசிபாலிட்டிக்கு மனு எழுதச் சொன்னார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். நம்ம தெருவுக்குக் கொழா வேணும்னு போடு சாலா, அதான் நோட்டீசுல போட்டமே அந்தத் தெரு என்றார். எனக்கு அங்கேதான் மூளை குறுக்கே ஓடியது. நம் என்று எழுதினால் மனுவை வாங்குகிற ஆபீசரும் அதில் சேர்ந்துவிடுவார், அவர் அஸ்தம்பட்டியில் அல்லவா குடியிருக்கிறார், அவரை விலக்க வேண்டுமானால் எங்கள் என்றுதான் போட வேண்டும் என்று சுவாமிநாதன் வாத்தியார் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தை ஆபீசுக்கே காட்டிவிட ஆசை. எங்கள் தெருவுக்கு என்று அழகாக எழுதி, மேலே நம் வீட்டு விலாசத்தையும் போட்டேன். கீழத் தெரு என்ற பேச்சே மனுவில் இல்லை. ஆபீசரை விலக்கப் போய்க் கீழத் தெருவையே விலக்கிவிட்டேன்.

மார்கழிக் கடைசியில் ஓவர்சியர் இரண்டு ஆட்களோடு குழாயைக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்கினார். அப்பா ராசிபுரம் போயிருந்தார், அம்மா கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் தெருன்னு எழுதியிருக்குது, இந்தத் தெருதானேம்மா என்று என்னைக் கேட்டார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று இந்த இடத்தில் முதலில் எழுதினேன், அம்மா அடிக்கச் சொல்லிவிட்டாள், மேலே மசி தீற்றியிருப்பது அதுதான். தெரிந்தேதான் சொன்னேன் அண்ணா. ஆமாங்க என்றேன். இங்கேயே தண்ணீர் விழுந்தால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நடக்கிற நடை மிச்சம் என்று ஒரு நொடி தோன்றியது, அவ்வளவுதான். அந்த நொடியில் கடப்பாறை இறங்கிவிட்டது.

அப்பா திரும்பி வந்து குழாயைத் திறந்து பார்த்து மூடினார். செரி, இங்க வந்தாச்சு, அடுத்தது அங்க என்றார். வார்டுக்கு வருஷத்துக்கு ஒரே குழாய் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பக்கத்து வீட்டாரும் வந்து கவுன்சிலரே கவுன்சிலரே என்று கும்பிட்டார்கள், அவரும் கும்பிட்டார். அம்மா மட்டும், அங்க சொல்லிட்டு இங்க எப்படிங்க என்று கேட்டாள். ஆபீசில் நடந்த தப்பு என்றார்.

பொங்கலன்று காலை, நம் வாசலில் பானை வைக்கிற நேரம், கீழத் தெருப் பெண்கள் இருபது பேர் காலிக் குடத்தோடு வந்து நின்றார்கள், பொன்னனும் கூட வந்திருந்தார். பெருமாயி அந்த நோட்டீசைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். பொன்னன் அதை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தார். ஏனுங்க கவுன்சிலரே, நம் தெருன்னு போட்டிருக்குதே, அந்த நம்முல நாங்க இருக்கறமா, இல்ல ஓட்டு எண்ணி முடிச்சதும் எறக்கி உட்டுட்டீங்களா என்று கேட்டாள் பெருமாயி. பின்னாலிருந்து ஒருத்தி, தண்ணியாயுதபாணின்னாங்க, தண்ணி மேல நின்னுபோச்சு, தண்டம் மட்டுந்தான் கீழ வந்துச்சு என்றாள். வேறு நாளாக இருந்தால் அந்தச் சிலேடைக்குக் கைதட்டியிருப்பேன். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன், அப்போதுதான் பிடித்த குழாய்த் தண்ணீர் குடத்திலிருந்து என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா, நான் என்னம்மா பண்றது, ஓவர்சியர் எடத்தைத் தப்பாப் போட்டுட்டாரு என்றார். அதற்குப் பெருமாயி, உங்க பையன் எங்கூட்டுல கூழு குடிச்சுப்போட்டுச் சொன்ன வார்த்தைங்க, அந்தப் பையனுக்காச்சும் இது தெரியுமா என்றாள். அதற்காகத்தான் உனக்கு இந்தக் கடிதம்.

பொங்கல் கழிந்து அப்பா ஆபீசுக்குச் சண்டைக்குப் போனார். ஓவர்சியர் மனுவை எடுத்து மேஜை மேல் வைத்து, உங்க பொண்ணையும் கேட்டுக்கிட்டுத்தானுங்க வேலையை ஆரம்பிச்சேன் என்றாராம். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். எங்கே பிடித்தது என்று கேட்டார், வாசல் குழாயில் என்றேன், சொம்பைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். எழுத்து நல்லாத்தான் இருந்துது சாலா என்றார். அடித்திருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன்.

அம்மா தறியின் பாவு நூலை எடுத்துவந்து குழாயின் வாயை ஏழு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். நம் வீட்டார் யாரும் அதில் பிடிப்பதில்லை, மற்றவர்கள் அவிழ்த்துப் பிடிக்கிறார்கள், அம்மா மறுபடியும் கட்டுகிறாள். என்னைப் புளியமரத்தடிக்கு அனுப்பி எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நீ சொல்லிப்போட்ட, உங்கப்பன் எப்பச் சொல்லுவாரு என்று கேட்டுவிட்டுப் பெருமாயி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதையும் வந்து சொன்னேன். அப்பா மூன்று நாள் தறியில் உட்காரவில்லை. முந்தாநாள் அவரே புளியமரத்தடிக்குப் போனார். எழுத்துத் தப்பு என் பொண்ணு தப்பு, பாத்துட்டும் வாயை மூடிக்கிட்டது என் தப்பு, பங்குனிக்குள்ள அந்தக் கொழாயே இங்க வரும், வரலீன்னா நீங்க குடுத்த பதவியை நீங்களே எடுத்துக்குங்க என்றார். யாரும் கைதட்டவில்லை. எளுதிக் குடுங்க என்றாள் பெருமாயி. எழுதினேன், கீழத் தெரு, பொன்னன் வீட்டுக்கு எதிரில், புளியமரத்தடி என்று, பொன்னன் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அப்பா கையெழுத்துப் போட்டார். இப்போது நம் தெருவார் சண்டைக்கு நிற்கிறார்கள். வந்த கொழாயைப் புடுங்கிக் குடுக்கறவன் ஒரு கவுன்சிலரா என்று அடுத்த வீட்டுக் கண்ணுசாமி மாமா பேச்சை நிறுத்திவிட்டார். மாசி மாத முனிசிபாலிட்டிக் கூட்டத்தில் என்ன முடிவாகுமோ தெரியாது.

நான் இப்போது கீழத் தெருக்காரர்களோடு கிணற்றுக்குப் போகிறேன். ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தவளுக்கு அவர்கள் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆமாங்க வர்றா, வழி உடுங்க என்கிறார்கள். இதைவிட நல்ல பெயர் எனக்கே தோன்றியிருக்காது.

அம்மா சொல்கிறாள்: வீரபாகு, பொன்னனுக்கு உன் கையால் ஒரு கார்டு போடு. ஓவர்சியரையும் தங்கையையும் அதில் இழுக்காதே, சொன்னேன், நடக்கவில்லை என்று மட்டும் எழுது. எண்ணெய் தேய்த்துக் குளி. மாரியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள்.

அப்பா கீழே கையெழுத்துப் போடுகிறார். கவுன்சிலர் என்று சேர்க்கட்டுமா என்று கேட்டேன், அங்கே தண்ணீர் விழுந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

எங்கள் ஆசீர்வாதம்.

(இந்த இடத்தில் எங்கள் சரிதான் அண்ணா. இரண்டு பேரையும் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.)

தண்டாயுதபாணி
முத்தாயம்மாள், கைநாட்டு