மிளகாய்ச் செடி குடித்த மாத்திரை

அன்பு மகள் பிரவீணாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும் சுகம், திருச்சுழிப் பக்கம் நல்ல மழையும் பெய்துவிட்டது, அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நானும் அழுதுவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடுதாசி.

ஆராய்ச்சிக்கு வளர்த்த செடியெல்லாம் உப்புத் தண்ணீரில் கருகிவிட்டது, படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நம் மிளகாய்த் தோட்டத்துக் கதையின் முடிவை நீ இன்னும் கேட்கவில்லை. கிணறு உப்பேறி இலையெல்லாம் ஓரம் கருகி நின்றபோது, வெள்ளாமையும் வேணாம் ஒண்ணும் வேணாம், தோட்டத்துல ஆட்ட விட்டு மேய்க்கப் போறேன் என்று அப்பா கிளம்பிவிட்டார். நீதான் செடிக்குக் கால்சியம் கொடுக்கச் சொன்னாய். இந்த மனுசன் என்ன செய்தார், என் முட்டிவலிக்கு அருப்புக்கோட்டை டாக்டரம்மா கொடுத்த கால்சியம் மாத்திரை அட்டையைப் பிரித்து வாளியில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிட்டார்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டுக் கருத்தம்மாள் ஓடி வந்தாள். அதைப் போனில் கேட்டு நீ சிரித்தாய் பார், எத்தனை மாசம் கழித்துக் கேட்ட சிரிப்பு, அதற்காக இன்னும் நாலு அட்டை போனாலும் போகட்டும். பிறகு நீ சொன்னபடியே கால்சியம் உள்ள ஜிப்சம் உரம் போட்டோம், மழையும் பிடித்தது, மண்ணிலிருந்த உப்பு கீழே இறங்கிச் செடி தளிர்த்துப் பூத்துக் காய்த்துவிட்டது. எல்லாம் உன் புண்ணியம் தாயி.

நீ விளக்கியது மனசிலேயே நிற்கிறது. உப்போ வறட்சியோ வந்தால் கால்சியம் செடியோட செல்லுக்குள் ஓடிப்போய் ஆபத்து என்று தாக்கல் சொல்லும், செல் சுதாரித்து உப்பை வெளியே தள்ளும், வேலை முடிந்ததும் கால்சியத்தையும் அங்கிருந்து அனுப்பிவிட வேண்டும், உள்ளேயே தங்கினால் அதுவே கெடுதல் என்றாயே. உன் கவலையும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டது ஆத்தா, இனி அனுப்பிவிடு. வரத்தான் வேண்டுமென்றால் வா, உன் வீடு. தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வராதே.

முதல் பறிப்பில் அப்பா இரண்டு பங்கு ஒதுக்கினார். ஒன்று மாரியம்மனுக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன், தோட்டத்தக் காப்பாத்துனவளுக்கு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பங்கைத்தான் வத்தலாகக் காயவைத்து இடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மறக்காமல் தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நல்லா இருப்பாய். பொட்டலத்தைப் பிரித்ததும் நெடியில் கண் கலங்கும், அந்த அழுகையை மட்டும் அழுதுகொள்.

உன் அம்மா,
சோலையம்மாள்