கடையே திரும்பிப் பார்த்த கேமரா

மார்ச் 3

அக்கா சரி சொல்லிவிட்டாள்! சம்பளத்தில் சேர்த்ததைக் கொண்டு எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கிக்கொள்ளலாம். "ஆனா அதுக்கு மேல ஒரு காசு என்கிட்ட கேக்கக் கூடாது." கேட்க மாட்டேன். கட்டில்மேல் ஏறிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அத்தான் இருந்தார், குதிக்கவில்லை.

மார்ச் 5

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இந்தச் செருப்புக் கடைதான். குனிந்த தலை நிமிராத வேலை. பாதத்தைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவேன். முகம்? பார்க்க ஆசைதான். நான் பார்த்தால் அவர்களும் பார்க்கிறார்களே! கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். இதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 9

கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார். "சும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சும்மாவா! மடச்சி.

மார்ச் 11

பேசிவிட்டேன்! மதியம் சாப்பிடாமல் ஓடினேன். என் காசுக்குப் புதியது ஒன்றே ஒன்றுதான் வரும். லேசானது. அழுத்தினால் மெல்லிசாய் ஒரு 'டிக்', பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. எனக்கென்றே செய்ததுபோல! ஆனால் கண் வைத்துப் பார்க்கும் துளை ஒரே இருட்டு. சுண்டுவிரல் பிடியில் நிற்காமல் வெளியே தொங்குகிறது. சொன்னேன்.

"பழகப் பழகச் சரியாயிடும்மா."

சிரிப்பை அடக்க முடியவில்லை. விரலைக் கடிக்கும் செருப்பை நாங்கள் தள்ளிவிடுவதும் இதே வசனத்தைச் சொல்லித்தான். தோலாவது கொஞ்சம் இளகும். கேமரா இளகுமா?

அதே விலைக்குப் பழைய சாமான் அலமாரியில் இன்னொன்று. ஓரமெல்லாம் தேய்ந்து, நல்ல கனம். கண் வைத்தேன் — அம்மாடி! எதிர்ச் சுவர், வாசல், வெயில் எல்லாம் பளிச்சென்று உள்ளே வந்துவிட்டன. அழுத்தினேன். டப்! கடையே திரும்பிப் பார்த்தது.

"உள்ள ஒரு பெரிய கண்ணாடி எழும்பி விழும், அந்தச் சத்தம்தான். இது கொஞ்சம் வாயாடி," என்றார்.

வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மார்ச் 12

புதுசா, பழசா? ஒளிஞ்சுக்கறதுக்கு வாங்குற சாமான் ஊரைக் கூட்டினா எப்படி?

மார்ச் 14

அத்தான் புதியதுதான் புத்திசாலித்தனம் என்கிறார், வாரண்டி உண்டாம். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, "நீதான் வாயத் திறக்க மாட்டேங்கிற. உனக்குப் பதிலா அதாவது பேசட்டுமேடி," என்றாள். அவளுக்கு எல்லாமே கிண்டல்.

ஆனால் அந்த வெளிச்சம்! செருப்புப் பெட்டி அடுக்கும்போதும் அதே நினைப்பு.

மார்ச் 16

அலமாரியையே இறக்கவைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைத் திட்டுவோம். இன்று நானும் அந்த ரகம். புதுசு, பழசு, மறுபடி புதுசு, மறுபடி பழசு.

"முடிவா ஒண்ணு சொல்லும்மா."

"பழசு. ரிப்பேர் ஆனா?"

"மூணு மாசம் நான் பொறுப்பு."

"எழுதிக் குடுங்க."

நானா சொன்னேன்? நான்தான்! அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

வாங்கிட்டேன் வாங்கிட்டேன் வாங்கிட்டேன்!

மார்ச் 19

சுவர், சன்னல், வாளி, அக்காவின் முதுகு. மனுஷங்க யாரும் இல்லை.

மார்ச் 22

ஆறாம் நம்பர் அகலப் பாதம் வந்தார். இடது சுண்டுவிரலில் ஆணி. பல முறை போட்டுவிட்டிருக்கிறேன், முகம் தெரியாது. முதலாளியோடு விலைக்குச் சண்டை நடந்தது. பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து, கடைக்குக் கொண்டுபோயிருந்த கேமராவைத் தூக்கிப் பிடித்து அழுத்தினேன்.

டப்!

சண்டை நின்றுவிட்டது. "யாரது?" என்று திரும்பினார். ஓடியிருப்பேன். ஆனால் அவர் முகம் மொத்தமும் வெளிச்சத்தோடு என் கண்ணுக்குள் இருந்தது. கோபம் பாதி போய், சிரிப்பு பாதி வந்திருந்தது.

"நான்தாங்க. கொஞ்சம் அப்படியே இருங்க."

இருந்தார்! தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டார். மறுபடி டப்! பேரத்தையும் மறந்து, முதலாளி சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"நாளைக்கும் கொண்டு வா," என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் காட்டினேன். முதல் படத்தில் பின்னந்தலை. இரண்டாவதில் முகம்.