பெண்கள் வகுப்பு பற்றிய வரி

1984, வெள்ளி இரவு

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் அல்லாஹ்வுக்காக மூடிவைத்துவிடுங்கள். வாப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

எங்கள் ஊர்த் தனியார் கல்லூரியின் ஆண்டுக் கூட்டம் இன்று எங்கள் வீட்டு மண்டபத்தில் நடந்தது. வாப்பாதான் செயலாளர். அவர் எழுதிய அறிக்கையை நேற்று நான் பார்த்தெழுதிக் கொடுத்தேன். "உங்கட எழுத்து டாக்டர்ர மருந்துத் துண்டு மாதிரி. மகள்ட எழுத்தெண்டாத்தான் எனக்கு வாசிக்க ஏலும்" என்று தலைவர் ஹாஜியார் வருடாவருடம் வாப்பாவைக் கேலி செய்வார்.

மாணவர் தொகை கூடியது, புதுக் கட்டடம், எல்லாம் எழுதினேன். கடைசி வரி, "வருமானம் போதாமையால் அடுத்த வருடம் பெண்கள் வகுப்பை நிறுத்தலாம்." நிறுத்தினால் நான் வீட்டோடுதான். அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.

பெண்கள் வகுப்பின் முதல் வருடம் நினைவுக்கு வந்தது. கிடுகுக் கொட்டிலில் ஐந்து பேர் பாயில் இருந்து படித்தோம். வெள்ளாமை வெட்டியதும் கட்டணத்துக்குப் பதிலாக நெல் மூட்டைகள் வரும். கணக்கு டீச்சர் அவற்றின்மேல் ஏறியிருந்து படிப்பிப்பா. எவ்வளவு சிரித்தோம்!

ஹாஜியார் வாசித்து முடித்து, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார்.

"ஓம், ஓம்."

நபியின்மேல் சலவாத்துச் சொல்லி அறிக்கையை நிறைவேற்றிவிட்டார்கள். அந்த வரி இல்லாதது வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் நின்ற என் பக்கம் ஒருமுறை பார்த்தார். அதற்குப் பிறகு சோறும் தின்னவில்லை. கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

கதவைத் தட்டுகிறார்.

"புள்ள, முழிச்சா இருக்காய்? நான் எழுதித் தந்த கடதாசிய அடுப்பில போட்டுட்டியா, இல்லையா? இல்லாட்டி இப்பவே போட்டுடு, ஹாஜியார்ர கண்ணில படப்படாது."