பேப்பரில் எனக்குச் சம்பளம்

ஜூலை 28, திங்கள்

கொளுத்துகிற வெயில். கரண்ட் இல்லை. காலையிலிருந்து எங்கள் ஷெட்டிலிருந்து வந்த ரப்பர் வளையத்துக்கு ஓரப் பிசிறு வெட்டல். பக்கத்து வீட்டு மேரி அக்கா கிலோ கூலிக்கு. நான் ஓனர் பொண்டாட்டி, அதனால் சும்மா. கையெல்லாம் ரப்பர் நாற்றம், எந்த சோப்புக்கும் போகவில்லை. ரசத்தில்கூட அதே வாடை. சீ.

ஒரகடம் கார் கம்பெனிக்குப் போன ஒரு மூட்டை திரும்பி வந்துவிட்டது. பிசிறு விட்டுப்போச்சாம். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று வீட்டுக்காரர் கத்தல். மூக்குக்கண்ணாடி கேட்டு எத்தனை மாதம்! "அடுத்த மாசம்." ஷெட்டில் அவர் ரூமுக்கு ஏசி மட்டும் இந்த மாதமே.

வாங்க: உளுந்து, பிளேடு, கொசுவத்தி.

ஜூலை 29, செவ்வாய்

ஆடிட்டர் வீட்டுக்கே வந்தார். ரிட்டர்ன் போடக் கடைசி நேரம். கூடத்தில் இரண்டு பேரும் செலவு எழுதுகிற கூத்து. மச்சினர் கல்யாணத்துக்கு மதுரை போனது, பிசினஸ் டிராவல். வீட்டு சோபா, ஆபீஸ் ஃபர்னிச்சர். நாய்க்குப் போட்ட பிஸ்கட்டுக்கு செக்யூரிட்டி என்று பேர்.

காபி வைத்துவிட்டு நகர்ந்தேன். "மேடம், ஒரு கையெழுத்து. உங்க ரிட்டர்ன்."

"எனக்கு எதுக்கு சார்?"

"நீங்க சூப்பர்வைசராச்சே. மாசாமாசம் சம்பளம் உங்க அக்கவுண்ட்டுக்குப் போவுதே. அத்த செலவுல கழிச்சாத்தான் சாருக்கு வரி கொறையும். யாராச்சும் கேட்டா, சரக்கு செக் பண்றேன்னு சொல்லுங்க."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. "அதெல்லாம் பேப்பருக்கு சார். வூட்ல சும்மாதான் கீது."

என் புடவையில் ஒட்டியிருந்த பிசிறு ஒன்று அவர் டம்ளர் பக்கத்தில் விழுந்தது. தட்டிவிட்டுக் காபி குடித்தார். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 30, புதன்

தூறல். ரப்பர் வாடை இன்னும் மோசம்.

நேரடியாகவே கேட்டேன். ஒளிக்கக்கூட இல்லை மனுஷன். ஒண்ணாம் தேதி காலையில் போடுவாராம், சாயங்காலம் ஷெட்டிலிருந்து வரும்போது எடுத்துவிடுவாராம். கார்டு அவர் பர்ஸில். "உன் பேர்ல போட்டா இன்னா, என் பேர்ல போட்டா இன்னா, எல்லாம் ஒரே குடும்பம்." குடும்பமாம்! மூன்று வருஷமாக நடக்கிறது. பாஸ்புக் பீரோவில் புடவைக்கு அடியிலேயே கிடந்தது. ஒரு தடவை திறந்து பார்த்தேனா? போனில் வந்த பேங்க் மெசேஜையாவது படித்தேனா? என்னை நினைத்தாலும் எரிச்சல்.

மேரி அக்காவிடம் சொன்னேன். பிளேடைக் கீழே வைத்துவிட்டாள். "அடிப்பாவி, நீ சூப்பர்வைசரா? எனக்காச்சும் கூலி வருது. கார்டு இல்லாங்காட்டி இன்னாடி, பாஸ்புக் எடுத்துகினு பேங்குக்குப் போய் பணம் எடுக்குற சீட்டு எழுதிக் குடு. உன் பேரு, உன் கையெழுத்து. தரமாட்டேன்னா சொல்வான்?"

ராத்திரி பாஸ்புக்கை எடுத்துக் கைப்பையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலேயே போனில் மெசேஜ், சம்பளம் வந்துவிட்டது. பிசிறு மூட்டையைப் பிரிக்கவில்லை. பஸ் பிடித்து ஸ்ரீபெரும்புதூர். வழி முழுக்கக் கம்பெனி பஸ், லாரி, புகை. பேங்கில் கட்டம் சரியாகத் தெரியாமல் சீட்டை இரண்டு தடவை எழுதினேன். கவுண்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எண்ணிக் கொடுத்துவிட்டாள். இவ்வளவுதானா என்றிருந்தது.

அப்படியே கண்ணாடிக் கடை. டெஸ்ட் பண்ணி, இருந்து வாங்கிக்கொண்டே வந்தேன்.

மாலை வாசலிலேயே ஆரம்பித்தார். "மிஷின்ல பணம் இல்லன்னு வருது. நீ எடுத்தியா?"

"சம்பளம்ங்க. எடுத்தேன்."

"இன்னாத்துக்கு?"

மூக்கில் இருந்ததைக் காட்டினேன். பில்லை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"சரக்கு செக் பண்ற கண்ணாடி. ஆடிட்டர்கிட்ட குடுங்க, செலவுல கழிச்சிக்கட்டும்."